எட்டு நடக்குது

பெரிய விமானங்களில் யாரையும் நிறை பார்ப்பதில்லை. ஆணுக்கு ஒரு சராசரி, பெண்ணுக்கு ஒரு சராசரி, பிள்ளைக்கு ஒரு சராசரி. அந்தச் சராசரிகளோடு பெட்டிகளையும் எரிபொருளையும் கூட்டி, எது முன்னுக்கு, எது பின்னுக்கு என்று சொல்லுவதுதான் என் வேலை. ஹவுன்ஸ்லோவில், விமான நிலைய வேலிக்குப் பக்கத்தில், யன்னல் திறக்க முடியாத ஓர் அறையிலிருந்து இதைச் செய்கிறேன். ஒரு கிழமை விடியக்காலை ஷிப்ட், அடுத்த கிழமை பின்னேர ஷிப்ட். எந்தக் கிழமையானாலும் களைப்பு ஒன்றுதான்.

இதை வாசிக்கிற உங்களில் பலர் என் வயதை ஒட்டியவர்களாக இருப்பீர்கள். லண்டனில் டூட்டிங்கிலோ பார்க்கிங்கிலோ, கடைக்கு மேலிருந்த வீடுகளில் வளர்ந்திருப்பீர்கள். இப்போது குனிந்து நிமிர்ந்தால் நமக்கும் நாரி பிடிக்கத் தொடங்கிவிட்டது. அப்பா அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிற முறை நம்முடையதாகிவிட்டது. அங்கே காத்திருக்கும்போது, இரண்டு பேரும் ஏதோ ஒரு பழைய சண்டையை மெல்லிய குரலில் தொடர்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எங்கள் வீட்டுச் சண்டை ஓர் எண்ணில் தொடங்கியது. எனக்கு அப்போது ஒன்பது வயது. நாங்கள் ஒரு தீவில் இருந்தோம்.

ஸ்கொட்லாந்துக்கும் வடக்கே, வரைபடத்தில் பெயர் எழுத இடமில்லாத ஒரு தீவு. அப்பா யாழ்ப்பாணத்தில் கணக்கியல் படித்தவர். லண்டனில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். அந்தத் தீவில் கடை நடத்திய கிழவர் ஓய்வு பெறப் போகிறார், வாடகைக்கு ஆள் தேடுகிறார் என்று யாரோ சொல்ல, அப்பா பிடித்துக்கொண்டார்.

"தீவு முழுக்க ஒரு கடைதான். போட்டியே இல்லை" என்றார் அப்பா.

"ஆக்களும் இல்லை" என்றார் அம்மா.

அம்மப்பா அப்போது டூட்டிங்கில் பெரியம்மா வீட்டில் இருந்தார். செய்தியைக் கேட்டுவிட்டு, எல்லாரும் இருந்த அறையில் சத்தமாகவே சொன்னார்: "எங்கட ஊரிலை தீவுச் சனம் பட்டணத்துக்கு வரப் பாடுபடுகுது. என்ர மருமகன் பட்டணத்திலையிருந்து தீவுக்குப் போறார்." எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதன் பிறகு அம்மப்பாவோடு அவர் கதைத்ததெல்லாம் சுகம் விசாரிக்கிற அளவோடு நின்றது. இதை நான் இங்கே குறிப்பதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததற்கு அம்மா தேடிய விளக்கங்களில் இந்தச் சிரிப்பும் ஒன்று.

புரட்டாதியில் போனோம். தீவுக்குப் போகிற விமானத்தில் எட்டே இருக்கைகள். விமானி நமக்கு முன்னால், கார் ஓட்டுகிறவர் மாதிரி இருப்பார். ஏறியதும் கழுத்தைத் திருப்பி, எல்லாரும் பெல்ட் போட்டுவிட்டீர்களா என்று வாயாலேயே கேட்பார். விமான நிலையம் என்பது ஒரு புல்வெளி, ஒரு கொட்டகை, காற்றின் திசை காட்டும் ஒரு துணிக்குழாய், ஒரு தீயணைப்பு வண்டி. ஏறுவதற்குத் தருகிற அட்டை பிளாஸ்டிக்கால் ஆனது. படியில் கால் வைக்கும்போது அதைத் திருப்பி வாங்கி, அடுத்த ஆளுக்குக் கொடுப்பார்கள். மூலைகள் எல்லாம் தேய்ந்து வட்டமாகியிருக்கும். ஒன்றையாவது திருடியிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

அந்த விமானத்தில் வந்து போனவற்றை நான் கடையின் மேல்மாடி யன்னலிலிருந்து மனதில் குறித்துக்கொண்டே இருப்பேன். பாண். முந்தின நாள் பத்திரிகை. ஆடுகளுக்கு ஊசி போடுகிற மனிதர். பல் டாக்டர். பியானோ திருத்துகிறவர். ஒருமுறை மூன்று தட்டுக் கலியாணக் கேக் ஒன்று, தனக்கென்று ஓர் இருக்கையில், பெல்ட் கட்டிக்கொண்டு வந்தது. கிழமைக்கு ஒருமுறை டாக்டர்.

கொட்டகையில் கவுண்டர் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் நின்ற பெண்தான் பெயரைச் சரிபார்ப்பார், பெட்டிகளை வண்டியில் ஏற்றுவார், விமானம் இறங்கும்போது தீயணைப்புத் தொப்பியோடு வண்டியில் காத்திருப்பார். காலையில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிற வான் வண்டியை ஓட்டியதும் அவரே. முதல் சில கிழமைகள், அவர்கள் ஒரே முகச்சாயலுள்ள மூன்று சகோதரிகள் என்று நினைத்திருந்தேன்.

சின்ன விமானத்தில் சராசரி செல்லாது. ஒவ்வொருவரும் தராசில் ஏற வேண்டும். அதைப் பார்த்துத்தான் விமானி, நீ முன்னுக்கு, நீ பின்னுக்கு என்று ஆட்களை இருத்துவார். டூட்டிங்கிலிருந்து போன ஒரு பெண்ணிடம், பக்கத்துப் பெரிய தீவு ஆஸ்பத்திரிக்குப் போக முதல்முறை வந்த அன்று, நாலு பேர் பார்க்க நிறை கேட்டால் எப்படி இருக்கும்?

"இஞ்சாருங்கோ, அங்கால திரும்புங்கோ" என்றார் அம்மா.

"நான் பாத்து என்ன செய்யப் போறன்?"

"திரும்புங்கோ எண்டால் திரும்புங்கோவன்."

அப்பா திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றார். கவுண்டர்ப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் விஷயம் விளங்கிவிட்டது. தராசு முள்ளைத் தன் உள்ளங்கையால் மறைத்து, தான் மட்டும் எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அம்மாவுக்கு அவரை அன்றைக்குப் பிடித்துப்போனது. அந்தப் பிடிப்பு சில கிழமைகளே நின்றது.

அம்மாவின் வயிற்றில் அப்போது தம்பி இருந்தான். கடையில் மண்ணெண்ணெயும் ஈர நாயும் அழுகின வெங்காயமும் கலந்த ஒரு மணம். அதற்குள் அம்மாவால் நிற்க முடியாது. பின்பக்கத்தில், கம்பியில், மீன் காயப்போட்டுக்கொண்டிருப்பார். மீன்பிடிக்கிறவர்கள் கானாங்கெளுத்தியைச் சும்மா தந்துவிட்டுப் போவார்கள். அங்கே வெயில் கிடையாது. காற்றுத்தான் காயவைக்கும். கடற்புறாக்கள் சுற்றிச் சுற்றி வரும், அம்மா தும்புத்தடியோடு நிற்பார். அந்தக் கருவாடு அம்மப்பாவுக்காக. லண்டனில் விற்கிற கருவாடு கடதாசி மாதிரி இருக்கிறது என்பது அவருடைய நீண்டநாள் முறைப்பாடு.

கார்த்திகையில் அம்மப்பாவுக்குக் கடுமையாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்ய ஏலாது என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியம்மா தொலைபேசியில் அழுதது, ரிசீவருக்கு வெளியே நின்ற எனக்கும் கேட்டது.

"ஆள் உன்னைத்தான் கேக்கிறார். வந்து ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

"வாறன் அக்கா."

"உனக்கு இப்ப எத்தினை?"

"எட்டு."

"எட்டிலை பிளேன்காரன் ஏத்துவானோ?"

"ஏத்துவாங்கள். இஞ்சை எல்லாரும் தெரிஞ்ச ஆக்கள்."

அது வெறுமனே போய்ப் பார்க்கிற விஷயமில்லை என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் செத்தவீட்டுக்குப் போகக் கூடாது, பிரேதத்தைப் பார்க்கக் கூடாது. அம்மப்பா உயிரோடு இருக்கும்போது பார்த்தால் பார்த்தது. கண் மூடிவிட்டால், பக்கத்து அறையில் கிடந்தாலும் அந்த முகத்தை அம்மாவுக்குக் காட்டமாட்டார்கள்.

அப்பா ஒருமுறைதான் சொன்னார்: "நத்தார் சாமான், கிறிஸ்மஸ் கேக்கு எல்லாம் வந்து இறங்குது. ஒரு கிழமை பொறுத்துப் போகலாமோ எண்டு பாருமன்." அடுத்த நாளே அப்பா டிக்கெட் எடுத்துவிட்டார், அம்மாவுக்கும் எனக்கும். ஆனால் சொன்ன வசனம் சொன்னதுதான். அதை அம்மா எங்கேயோ கொண்டுபோய் வைத்துக்கொண்டார்.

புறப்பட்ட நாள் வானம் தெளிவாக இருந்தது. பின்னேரம் சின்ன விமானம் ஏறிப் பெரிய தீவில் இறங்கினால், அங்கிருந்து லண்டன் விமானம். இரவுச் சாப்பாட்டுக்கு டூட்டிங். அம்மா பச்சை நிறக் கோட் ஒன்று போட்டிருந்தார். பெட்டிக்குள் நிறை கூடிவிடும் என்று கருவாட்டுப் பொட்டலங்களைப் பழைய சேலைத் துண்டில் சுற்றி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, அதற்கு மேல் கோட்டைப் பூட்டியிருந்தார். தராசில் ஆளையும்தானே ஏற்றுகிறார்கள், இதனால் ஒரு பயனும் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எட்டு மாதமோ பத்து மாதமோ, அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. கொட்டகை முழுக்கக் கருவாட்டு மணம்.

கவுண்டர்ப் பெண் வழமைபோல் தராசு முள்ளை மறைத்துப் பார்த்தார். பிறகு அம்மாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்து, எத்தனை மாதம் என்று இங்கிலீஷில் கேட்டார்.

அப்பா நிமிர்ந்து நின்று, தெளிவான இங்கிலீஷில் சொன்னார்: "எட்டு."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. ஏழு மாதம் முடிந்துவிட்டால் டாக்டரின் கடிதம் வேண்டும் என்றார். டாக்டர் இரண்டு நாளுக்கு முன்தான் வந்துவிட்டுப் போயிருந்தார். அம்மாவின் கிளினிக் கோப்பு பெரிய தீவு ஆஸ்பத்திரியில் இருந்தது. அந்தப் பெண் யாருக்கோ தொலைபேசி எடுத்தார், கதைத்தார், வைத்தார், தலையை ஆட்டினார். விமானியும் உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"டாக்குத்தற்றை கடிதம் வேணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"அவ கேட்டவ. எட்டு எண்டு சொன்னனான்."

"ஐயோ, ஏழெண்டு சொல்லுங்கோவன்! இப்ப சொல்லுங்கோ, மாறிச் சொல்லிப்போட்டன் எண்டு."

"பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

"ஓர் எண்ணப்பா! ஓர் எண்! என்ர ஐயா அங்கை இழுத்துக்கொண்டு கிடக்கிறார்."

"பிளேன் விஷயத்திலை பொய் சொல்ல ஏலாது. மேலை போய் உமக்கு ஏதும் ஆச்செண்டால் ஆர் பொறுப்பு?"

அம்மா அந்தப் பெண்ணிடமே திரும்பி, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "மை ஃபாதர், மை ஃபாதர்" என்றார். அந்தப் பெண்ணின் கண் கலங்கியது. ஆனாலும் அம்மாவின் இருக்கை, இடம் கிடைத்தால் போகலாம் என்று காத்திருந்த என் பள்ளிக்கூட டீச்சருக்குப் போனது. அவரும் லண்டனில் மகளிடம் போகவிருந்தவர். புல்லின் மேல் விமானம் ஓடி, எழும்பி, சின்னதாகிப் போகும்வரை அம்மா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோட்டுக்குள்ளிருந்து ஒரு பொட்டலம் நழுவிக் காலடியில் விழுந்தது. அதை நான் எடுத்தேன்.

அடுத்த நாள் காற்றுத் தொடங்கியது. நாங்கள் தீவுக்குப் போன பிறகு பார்த்த காற்றெல்லாம் காற்றே இல்லை என்று அப்போது தெரிந்தது. துணிக்குழாய் இரும்புத் தடி மாதிரி நேராக நின்றது. விமானமும் இல்லை, கப்பலும் இல்லை. கடையில் பாண் முடிந்தது, பிறகு பால் முடிந்தது. அம்மா யன்னலில் இருந்தார். அப்பா ஒவ்வொரு காலையும் கொட்டகைக்கு நடந்து போய், கேட்டுவிட்டு, நனைந்து திரும்பி வருவார். அவர் படியேறி வருகிற சத்தத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

அந்தக் காற்றுக்குள்தான் பெரியம்மாவின் அழைப்பு வந்தது. அப்பா கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார். கடைக் கவுண்டரில் ஒரு மனிதர் பட்டரி வாங்க நின்றார். அப்பா பட்டரியை எடுத்துக் கொடுத்து, மிச்சக் காசையும் கொடுத்து, கதவைப் பூட்டிவிட்டு மேலே போனார். நான் கீழேயே நின்றேன். மேலே அழுகைச் சத்தம் வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

கவுண்டர்ப் பெண் அந்தக் காற்றில் தன் வானை ஓட்டிக்கொண்டு வந்தார். தானே பின்னிய மஞ்சள் நிறக் குழந்தைத் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். அம்மா கையை நீட்டவில்லை. "செய்யிறதையும் செய்துபோட்டு, தொப்பியோடை வந்திருக்கிறா" என்றார். அந்தப் பெண் ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்துச் சிரித்து, தொப்பியைப் பிஸ்கட் தட்டில் வைத்துவிட்டுப் போனார். தம்பி அதைப் போட்டதேயில்லை. வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டது. ஒரு கிழவர் அணிகிற அளவுக்குத் தடித்த கம்பளி, நல்ல சூடாக இருந்திருக்கும்.

காற்று நின்ற அன்று முதல் விமானத்தில் டாக்டர் வந்து இறங்கினார். கொட்டகைக்குள்ளேயே, திரை மறைவில், அம்மாவைப் பார்த்தார். அந்த நேரம் அப்பாவும் நானும் வெளியில் பெட்டியோடு நின்றோம். அதே விமானத்தில் டீச்சரும் திரும்பியிருந்தார். அவருக்கு எங்கள் செய்தி தெரியாது. உற்சாகமாகச் சொன்னார்: அன்றைக்கு எல்லாம் நேரத்துக்கு ஓடியது, இரவுச் சாப்பாட்டுக்கே மகளிடம் போய்ச் சேர்ந்துவிட்டேன், காற்றுக்கு முன் தப்பியது அதிர்ஷ்டம். அப்பா நன்றாகத் தலையாட்டிக் கேட்டார். டீச்சர் போன பிறகு என்னிடம் குனிந்து, "அம்மாவுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, என்ன?" என்றார். நான் சொல்லவில்லை.

டாக்டர் வெளியே வந்து கவுண்டர்ப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சட்டென்று அப்பா பக்கம் திரும்பி, "ஆனால் டாக்டர் சொல்லுகிறாரே, உங்கள் மனைவிக்கு இன்னும்..." என்று தொடங்கினார். இன்னொரு தடை வந்துவிட்டது என்று அப்பா நினைத்தாரோ, அல்லது அவருக்கு அந்தப் பெண்ணின் குரலைக் கேட்கவே முடியாமல் இருந்ததோ, "யெஸ், யெஸ், தாங் யூ" என்று வெட்டிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டார். மூடிய வாயோடு அவர் நின்ற நிலை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

டூட்டிங்கில், செத்தவீடு நடந்த நாள், அம்மாவைத் தெருவுக்கு எதிர்ப்பக்கத்து வீட்டு மேல்மாடியில் வைத்திருந்தார்கள். யன்னலால் பார்த்தால் பெரியம்மா வீட்டு வாசலும், வாசலில் கழற்றி விட்ட சப்பாத்துகளும் தெரியும். பிரேதப் பெட்டியைக் கொண்டுபோகும்போது யாரோ ஒரு மாமி வந்து திரையை இழுத்து மூடினார். அம்மா தடுக்கவில்லை. திரையின் பூக்களைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குப் படையல் வைத்தார்கள். அம்மப்பாவுக்குப் பிடித்த சாப்பாடுகள் எல்லாம் வாழையிலையில். அம்மா தன் கருவாட்டைப் பொரித்து வைத்தார். "எட்டிலை தொடங்கி எட்டிலை முடிஞ்சுது" என்று சொன்னதை அடுப்படியில் நின்ற நான் மட்டும் கேட்டேன்.

அதன்பின் அம்மா தீவுக்குத் திரும்பவில்லை. தம்பி பிறக்க இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. ஒரு சின்னக் கழித்தல் செய்திருந்தால் போதும். யாரும் செய்யவில்லை, கணக்கியல் படித்த அப்பாவும். பிள்ளை பத்து மாதம் நிறைந்து பிறந்தது என்று சந்தோஷப்பட்டார்கள். வசந்தத்தில் அப்பா கடையைக் கைவிட்டு வந்துசேர்ந்தார். போட்டியே இல்லாத கடையை வேறு யாரும் எடுக்கவில்லை.

அந்த "எட்டு" எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டது. சத்தமான சண்டை கிடையாது. கவுன்சில் ஆள் வந்து ஏதும் கேட்டால், "அவரைக் கேளுங்கோ, அவர் உண்மை பேசுற மனிசன்" என்பார் அம்மா. தம்பி பள்ளிக்கூடத்தில் மாட்டுப்பட்டால், "அப்பாட்டைச் சொல்லாதை, அவர் உண்மையைச் சொல்லிப்போடுவார்." கலியாண வீட்டில் யாரோ சேலை எப்படி என்று கேட்டால், "இவரைக் கேக்காதேங்கோ." எல்லாரும் சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். நாள் போகப் போக அவர் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். நட்டத்தில் முடிந்த கடை, கேலி செய்த மாமனார், இதெல்லாம் போக, உண்மை பேசியவன் என்கிற ஒன்று அவருக்கு மிஞ்சியிருந்தது. அவர் பொய் சொல்லி யாரிடமும் பிடிபட்டதில்லை.

எனக்கும் ஒரு பக்கம் இருந்தது. வயதுக்கு வந்த பிறகு அம்மாவின் பக்கம், வேலைக்கு வந்த பிறகு அப்பாவின் பக்கம். பாரக் கணக்குப் பார்க்கிறவள் ஒருபோதும் எண்ணை மாற்றிச் சொல் என்று சொல்லமாட்டாள்.

போன மாதம் ஒரு காலை, பயணிகள் கவுண்டரில் வேலை செய்யும் பிள்ளை ஒருத்தி என்னைக் கூப்பிட்டாள். உங்கள் ஆட்கள் வந்திருக்கிறார்கள், கொஞ்சம் வந்து கதைக்க முடியுமா என்று. போனேன். வவுனியாப் பக்கத்துத் தம்பதி. பெண்ணுக்கு வயிறு. எத்தனை மாதம் என்று கேட்டதற்குக் கணவன் "எட்டு" என்று சொல்லியிருக்கிறான். அவர்களை ஏற்றலாமா என்று கவுண்டரில் யோசிக்கிறார்கள்.

நான் தமிழில் கேட்டேன்: "தம்பி, எட்டு முடிஞ்சுதோ, நடக்குதோ?"

"நடக்குது அக்கா. இப்பத்தான் எட்டு நடக்குது."

பெரியம்மாவோ அம்மாவோ கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்களோ, அப்படித்தான் அது என் வாயில் வந்தது. கேட்ட பிறகுதான் எனக்கே கேட்டது. அந்தப் பெண்ணிடம் கிளினிக் கோப்பு இருந்தது. கிழமைகளை எண்ணிக் காட்டி அவர்களை ஏற்றி அனுப்பிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய், அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் கர்ப்பத்துக்கு மாதம் என்றால் நாலு கிழமை, இருபத்தெட்டு நாள். ஒரு பிள்ளை பத்து மாதம். ஏழு முடிந்து எட்டுக்குள் கால் வைத்த அன்றே எட்டு. அந்தத் தீவுப் பெண்ணின் கணக்கில் ஒரு பிள்ளை ஒன்பது மாதம். எட்டு என்றால் எட்டும் போய்விட்டது, ஒன்றுதான் மிச்சம். அவருடைய கணக்கில் அன்று அம்மாவுக்கு ஏழுகூட நிறையவில்லை. கடிதமே தேவைப்பட்டிருக்காது. அப்பா சொன்ன உண்மை உண்மையில்லை. அம்மா சொல்லச் சொன்ன பொய் பொய்யில்லை.

எங்கள் தொழிலில், புறப்படுகிற நேரத்தில் ஓர் எண் மாறினால், அதைத் திருத்தி விமானிக்குச் சொல்லிவிடுவோம். விமானம் சரியாகப் பறக்கும். அந்தப் பழக்கத்தில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, ஷிப்ட் முடித்த கையோடு, டூட்டிங்குக்குப் போனேன்.

அப்பா தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார். அம்மா கதிரையில் கால் நீட்டி மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், விரல்களில் எண்ணிக் காட்டி, இரண்டு தரம்.

அம்மா கத்தியை வைத்தார். "அப்ப இவரிலை பிழை இல்லையோ?"

"இல்லை அம்மா."

"அந்தப் பொம்பிளையிலை?"

"அவவிலையும் இல்லை."

"நானும்தானே அக்காவுக்கு எட்டு எட்டெண்டு சொல்லிக்கொண்டிருந்தனான்." நறுக்கின மரக்கறியை ஒரு பக்கம் ஒதுக்கினார். "இனி நான் ஆரோடை கோவிக்கிறது?"

அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். "அப்ப நான் அண்டைக்குப் பொய் சொல்லியிருக்கிறன்" என்றார்.

"பொய்யில்லை அப்பா, கணக்கு..."

"கணக்குத்தானே பிள்ளை நான் படிச்சது." அவருக்குக் கோபமில்லை. "இதை நீ இப்ப சொல்லாமல் விட்டிருக்கலாம்" என்றார். களைத்துப்போய்த் தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி இருந்தார்.

நான் இருந்தேன். திருத்தினால் சரிவரும் என்று வந்தவள். இரண்டு பேரிடமிருந்தும் ஏதோ ஒன்றைப் பறித்துவிட்டு இருந்தேன்.

அம்மா என்னைப் பார்க்காமல் கேட்டார். "அப்ப அண்டைக்கு ஏறியிருந்தால், நான் ஐயாவைக் கண்டிருப்பனோ?"

எனக்கு விடை தெரியும். வருகிற வழியில் நிலக்கீழ் ரயிலில் அதையும் கணக்குப் பார்த்திருந்தேன். கண்டிருப்பார். அன்று இரவே கண்டிருப்பார். அம்மப்பா அடுத்த நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டு இருந்தவர். நான் வாயைத் திறந்தேன்.

"கண்டிருக்க மாட்டீர்" என்றார் அப்பா.

அவர் தொலைக்காட்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்குப் பெரிய தீவிலை ஒரே பனிமூட்டம். லண்டன் பிளேன் ஓடேல்லை. ஏறியிருந்தாலும் நீர் அங்கைதான் நிண்டிருப்பீர், வயித்தோடை, தனிய, இந்தப் பிள்ளையையும் வைச்சுக்கொண்டு."

"ஆர் சொன்னது?"

"இவளின்ர டீச்சர். திரும்பி வந்த உடனை சொன்னவ. அவவும் அங்கைதான் கிடந்தவவாம்."

அம்மா அவரை நெடுநேரம் பார்த்தார். என்னிடம் திரும்பி, இது உண்மையா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. அப்பா பொய் சொல்லமாட்டார் என்பது அம்மாவுக்குத் தெரிந்த அளவுக்கு இந்த உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"அப்பிடியெண்டால் சரி" என்றார்.